நீலத்தில் முளைத்த பெயர்

பாராசிட்டமால் என்பது சுருக்கி எடுத்த பெயர். வேதியியலார் அந்தப் பொருளுக்கு இட்ட முழுப்பெயர் பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். அதன் தலையையும் வாலையும் நடுவிலிருந்து சில எழுத்துகளையும் சேர்த்து ஒட்டியதுதான் இன்று காய்ச்சலென்றால் நம் வாயில் வரும் பெயர். அதே முழுப்பெயரை அமெரிக்காவில் வேறு இடங்களில் வெட்டினார்கள். அசிட்டமினோஃபென் என்று ஆனது. அசிட்டைலின் கடைசியையும் ஃபீனாலின் கடைசியையும் சேர்த்ததில் டைலெனால் என்ற வணிகப்பெயர் பிறந்தது. மூன்றும் ஒரே பொருள். அளவோடு எடுத்தால் மனிதரைப் பெரும்பாலும் காக்கும் இந்தப் பொருள், பூனையின் வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் அதன் இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். அது ஏன் என்பதற்கான விடை இந்தப் பெயரின் துண்டுகளிலேயே கிடக்கிறது.

முதலில் 'அசிட்'. லத்தீனில் அசெட்டும் என்றால் காடி. புளித்த காடியிலிருந்து கிடைக்கும் அமிலம் அசிட்டிக் அமிலம். அதன் அணுக்கூட்டம் அசிட்டைல். அடுத்தது 'அமினோ'. இது அம்மோனியாவின் வழித்தோன்றல். அம்மோனியாவுக்குப் பெயர் வந்தது சால் அம்மோனியாக் என்ற உப்பிலிருந்து; எகிப்தியரின் ஆமோன் தெய்வத்துக்கு லிபியப் பாலைவனத்தில் இருந்த கோயிலின் அருகே கிடைத்த உப்பு என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் நாம் நவச்சாரம் என்று கேட்டு வாங்குவது அந்த உப்பைத்தான். 'பாரா' கிரேக்க முன்னொட்டு. வேதியியலில் அது, வளையத்தின் இரு எதிர்முனைகளில் இரண்டு கூட்டங்கள் உட்கார்ந்திருப்பதைக் குறிக்கும். இவை மூன்றிலும் நாம் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. நிற்க வேண்டிய இடம் ஃபீனால்.

1825-இல் மைக்கேல் ஃபாரடே, லண்டனில் விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவை அழுத்தி அடைத்த கலன்களின் அடியில் தேங்கிய எண்ணெயைப் பிரித்து ஆராய்ந்தார். அதிலிருந்து கிடைத்த நீர்மத்தைத்தான் இன்று பென்சீன் என்கிறோம். அது விளக்கு வாயுவில் பிறந்தது என்பதால், 'ஒளிர்தல்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஃபேன்' என்றொரு பெயரை அதற்கு முன்மொழிந்தார் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் லோரான். பென்சீனுக்கு அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆனால் அதன் பிள்ளைகளுக்கு நிலைத்துவிட்டது. ஃபீனால், ஃபீனைல் எல்லாம் அந்த வழி. நிலக்கரித் தாரிலிருந்து ஃபீனாலை 1834-இல் ஃப்ரிட்லீப் ருங்கே பிரித்தெடுத்தார். கார்பாலிக் அமிலம் என்ற பழைய பெயரும் அதற்கு உண்டு. வீட்டுத் தரை துடைக்க நாம் வாங்கும் பினாயிலின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. தாரிலிருந்து செய்யும் கறுப்பு பினாயிலில் இன்றும் ஃபீனால் வகைகள் இருக்கின்றன. துடைத்த ஈரம் காயாத தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. காய்ச்சல் மாத்திரையும் கறுப்பு பினாயிலும் உறவுக்காரர்கள் என்று சொன்னால் முதலில் நம்பத் தோன்றாது. பூனையின் கல்லீரலுக்கோ இரண்டும் ஒரே குடும்பம்தான்.

ஆனால் பாராசிட்டமாலுக்கு இன்னொரு மூதாதையும் உண்டு. அதன் பெயர் நம் நாட்டில் முளைத்தது.

திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. அந்தச் செடியின் இலையை ஊறவைத்து எடுக்கும் சாயத்துக்கு நீலம், நீலி என்று பெயர். கப்பலேறிய இந்தச் சொல் பாரசீகத்தில் நீல் ஆயிற்று. அரபியில் சுட்டிடைச்சொல் சேர்ந்து அன்-நீல் ஆயிற்று. போர்த்துக்கீசியர் அதை அனில் என்று வாங்கிக்கொண்டார்கள். 1840-இல் கார்ல் ஃப்ரிட்ஸ்ஷே என்பவர் நீலச் சாயத்தைக் காரத்துடன் சேர்த்துச் சூடாக்கி வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அனிலிலிருந்து வந்ததால் அதை அனிலின் என்றார். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பொருளை வேறு சிலரும் வேறு வழிகளில் கண்டார்கள். உன்வெர்டோர்பென் 1826-இல் அதே நீலத்திலிருந்து எடுத்து கிரிஸ்டலின் என்று பெயரிட்டிருந்தார். தாரிலிருந்து எடுத்த ருங்கே, வெளுப்புத்தூளுடன் சேர்ந்ததும் அது நீலநிறம் காட்டியதால், நீலத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்து கியனால் என்றார். ரஷ்யாவின் ஸினின் வைத்த பெயர் பென்ஸிடாம். நான்கு பெயரும் ஒரே பொருளுக்கு உரியவை என்று 1843-இல் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் நிறுவினார். நீலத்தின் பெயர் நின்றது, மற்றவை உதிர்ந்தன.

அனிலினோடு காடியின் அசிட்டைலைச் சேர்த்தால் அசிட்டனிலைடு. 1886-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஆர்னால்ட் கான், பால் ஹெப் என்ற இரு இளம் மருத்துவர்கள் குடற்புழுவுக்கு நாஃப்தலீனைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடையிலிருந்து தவறுதலாக வந்து சேர்ந்தது அசிட்டனிலைடு. புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது. உடனே அது ஆன்டிஃபெப்ரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. காய்ச்சலுக்கு எதிரி என்பது அந்தப் பெயரின் பொருள். ஆனால் அதை உண்ட சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் சயனோசிஸ் என்ற சொல்லும் ருங்கேயின் கியனாலும் ஒரே கிரேக்க வேரில் கிளைத்தவை. நீலச் சாயத்தில் பிறந்த அனிலின், மனித உடம்புக்குள் போய் மறுபடி நீலத்தைக் காட்டியிருக்கிறது.

காரணம் 1948-இல்தான் தெளிவானது. நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும், அசிட்டனிலைடு உடம்புக்குள் இரண்டு வழியாகப் பிரிகிறது என்று காட்டினார்கள். ஒரு வழியில் அது பாராசிட்டமாலாக மாறி வலியைத் தணிக்கிறது. மற்ற வழியில் மறுபடி அனிலினாக மாறி இரத்தத்தைக் கெடுக்கிறது. அப்படியானால் நல்ல பாதியை மட்டும் கொடுத்தால் என்ன? 1870-களின் இறுதியிலேயே ஹார்மன் நார்த்ரப் மோர்ஸ் தயாரித்து, 1893-இல் யோசஃப் ஃபான் மேரிங் நோயாளிகளிடம் சோதித்து, பிறகு மறக்கப்பட்டுக் கிடந்த பாராசிட்டமால் இப்படித்தான் மீண்டு வந்தது. 1955-இல் அமெரிக்காவில் டைலெனால், 1956-இல் பிரிட்டனில் பனடோல். மேரிங் அதை ஒதுக்கக் காரணமே, அதுவும் இரத்தத்தைச் சிறிது கெடுப்பதாக அவருக்குப் பட்டதுதான். அவரிடம் இருந்த மருந்தில் பாரா-அமினோஃபீனால் என்ற மாசு கலந்திருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதுகிறார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பூனையிடம் போகும்போது மறுபடி வரும்.

மனிதருக்கு நல்ல பாதியைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. பூனைக்கு அந்த நல்ல பாதி கிடையாது.

ஃபீனால் வகைப் பொருளொன்று உள்ளே வந்தால் நம் கல்லீரல் அதன்மேல் குளூக்குரோனிக் அமிலத்தை ஒட்டி, நீரில் கரையச் செய்து, சிறுநீரில் அனுப்பிவிடும். இந்த அமிலத்தின் பெயரிலும் ஒரு கதை உண்டு. இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் முன்னே, சிறுநீரைக் குறிக்கும் சொல் பின்னே. 1879-இல் ஷ்மீடபெர்க்கும் மேயரும் நாய்களுக்குக் கற்பூரம் கொடுத்து, அவற்றின் சிறுநீரில் கற்பூரத்தோடு ஒட்டி வெளியேறியதாக இதைக் கண்டார்கள். ஐரோப்பியர் சொல்லும் காம்ஃபர் என்பதும் நம் கற்பூரமும் ஒரே சொல்லின் இரு உச்சரிப்புகள். நாய் கற்பூரத்தை இப்படி வெளியேற்றும். பூனையின் கல்லீரலோ இந்த வேலையில் மிகவும் பலவீனமானது. பாராசிட்டமாலின்மேல் குளூக்குரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதிகளில் முக்கியமான ஒன்றைத் தரும் யூஜிடி1ஏ6 என்ற மரபணு, பூனையிடம் எழுத்துப் பிழைகள் மலிந்து செயலிழந்து கிடக்கிறது என்று 2000-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோர்ட்டும் டேவிட் கிரீன்பிளாட்டும் காட்டினார்கள். சிங்கம், சிவிங்கிப்புலி உட்படப் பூனைக் குடும்பம் முழுவதும் இதே நிலைதான் என்று 2011-இல் வந்த ஆய்வு சொன்னது. இலையும் காயும் தின்னும் விலங்குக்குத் தாவர ஃபீனால்களை நாள்தோறும் கழிக்க வேண்டியிருக்கும். இறைச்சியையே தின்று வந்த குலத்துக்கு அந்தத் தேவை அற்றுப்போனதால் மரபணு பழுதானபோது அதைக் காக்க எந்த நெருக்கடியும் இருந்திருக்காது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு இது மிகப் பொருத்தமாகவே படுகிறது.

ஒட்டி அனுப்ப வழியில்லாத பாராசிட்டமால் பூனையின் உடம்பிலேயே தங்குகிறது. தங்கியதில் ஒரு பங்கு கல்லீரலைத் தாக்கும் நச்சாக மாறுகிறது. இன்னொரு பங்கிலிருந்து அசிட்டைல் கழன்று விழுகிறது. பெயரிலிருந்து 'அசிட்டைல்' என்ற துண்டை எடுத்துவிட்டுப் படியுங்கள்: பாரா-அமினோஃபீனால். மேரிங்கின் குப்பியில் இருந்ததாகச் சந்தேகிக்கப்படும் அதே மாசு. கழன்ற அசிட்டைலைத் திரும்ப ஒட்டும் நொதிகளிலும் ஒன்று பூனைக்கு இல்லை. இந்தப் பாரா-அமினோஃபீனால் இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை உயிர்வளியைச் சுமக்க முடியாத நிலைக்கு மாற்றுகிறது. இரத்தம் சாக்லேட் நிறமாகிறது. பூனையின் ஹீமோகுளோபினில் இத்தகைய தாக்குதலுக்கு இலக்காகும் கந்தகக் கூட்டங்கள் எட்டு, மனிதருடையதில் இரண்டு. நஞ்சைக் கழிக்கும் வழியும் அடைபட்டு, தாங்கும் பக்கமும் திறந்து கிடக்கும்போது ஒரு சிறு மாத்திரைத் துண்டு போதும்.

எவ்வளவு சிறிது? உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பூனைகள் நஞ்சேறியதாகப் பதிவுகள் உண்டு. நம் வீட்டில் இருப்பது 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை. நான்கு கிலோ எடையுள்ள ஒரு பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கைக் கொடுத்தாலே கிலோவுக்கு 31 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. மாத்திரை என்ற நம் சொல்லுக்கே அளவு என்றுதான் மூலப்பொருள். இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று ஒலியை அளக்கும் சொல் அது. அளந்து கொடுத்த மருந்துக்கும் ஆகி, பிறகு மருந்துருண்டைக்கே பெயராயிற்று. பாராசிட்டமாலைப் பொறுத்தவரை பூனைக்கு உரிய மாத்திரை என்று ஒன்று இல்லை. அரையாக்கியும் காலாக்கியும் பொடித்துப் பாலில் கலந்தும் அதைப் பாதுகாப்பானதாக ஆக்க முடியாது.

வணிகப்பெயர்கள் இங்கே பெரிய ஆபத்து. முழுப்பெயரில் ஃபீனால் என்று எச்சரிக்கையாவது ஒலிக்கிறது. மெட்டாசின், குரோசின், கால்பால், டோலோ என்ற பெயர்களில் ஒன்றுமே தெரியாது. இலங்கைத் தமிழர் வீட்டில் பனடோல் என்றால்தான் புரியும்; அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்கு டைலெனால் என்றால்தான் புரியும். "பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதே" என்று மதுரையிலிருந்து அம்மா எச்சரித்தாலும், நியூஜெர்சியில் இருக்கும் மகள் தன் அலமாரியில் அந்தப் பெயரைத் தேடிக் காணாமல், அசிட்டமினோஃபென் என்று எழுதிய புட்டியைக் கையிலெடுக்க வாய்ப்பு இருக்கிறது. சாரிடான் போன்ற தலைவலி மாத்திரைகளிலும் பல சளி மாத்திரைகளிலும் இதுவே மற்ற மருந்துகளோடு சேர்ந்திருக்கிறது. அட்டையின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

மற்ற வலி மாத்திரைகளின் பெயர்களையும் இதேபோல் பிரித்துப் பார்த்தால் பழகிய முகங்கள்தான் எதிர்ப்படுகின்றன. ஆஸ்பிரினின் முதலெழுத்து அதே காடியின் அசிட்டைல். 'ஸ்பிர்' என்பது ஸ்பைரியா என்ற செடி. 1899-இல் பேயர் நிறுவனம் இந்தப் பெயரில் அதை விற்கத் தொடங்கியது. மனிதருக்குச் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் இது, பூனையின் உடம்பில் பாதியாக ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு நாள் பிடிக்கும். இரத்தக்கட்டைத் தடுக்க மருத்துவரே கொடுத்தாலும் மிகச் சிறு அளவில், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் கொடுப்பார். இபுப்ரோஃபெனின் பெயரில் ஐசோபியூட்டைல், புரோப்பியானிக் அமிலம், ஃபீனைல் மூன்றும் இருக்கின்றன. நாட்டிங்ஹாமில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் கண்டது. பூனையின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தை அழிக்கும். டைக்ளோஃபெனாக்கின் உள்ளே குளோரின் ஏற்றிய அனிலின் கூடு இருக்கிறது. நீலம் அங்கேயும் வந்துவிட்டது. மாடுகளுக்குப் போட்ட அந்த மருந்து பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததைக் கண்டு, இந்தியா 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளுக்காக இன்றும் அந்தத் தடையைக் காத்துவர வேண்டியிருக்கிறது.

வாய்வழியாகக் கொடுத்தால்தான் ஆபத்து என்றும் நினைக்கக் கூடாது. 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டு வீடுகளில், வளர்ப்பவர்கள் தங்கள் கழுத்திலோ காலிலோ ஃபுளுர்பிப்ரோஃபென் கலந்த வலிப்பூச்சைத் தடவியிருந்தார்கள். பூனைகளுக்கு யாரும் பூசவில்லை. ஆனாலும் பூனைகள் நோயுற்றன; மூன்று இறந்தன. மடியில் படுக்கும், தோலோடு உரசும், பிறகு தன் உரோமத்தை நக்கும் உயிர் அது. மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அப்படியே பூனையைத் தூக்கிக் கொஞ்சுவது நம் வீடுகளிலும் நடப்பதே. அந்தத் தைலங்களில் பலவற்றில் ஆஸ்பிரினின் உறவான மீத்தைல் சாலிசிலேட்டும் கற்பூரமும் இருக்கின்றன. பூனையின் நொண்டும் காலில் நேரடியாகத் தைலம் தேய்ப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பாராசிட்டமால் தின்றுவிட்ட பூனைக்கு ஈறு பழுப்பாகவோ சாம்பல் நீலமாகவோ மாறும்; முகமும் பாதங்களும் வீங்கும்; எச்சில் ஒழுகும்; மூச்சு வாங்கும்; சிறுநீர் கறுக்கும். இவை தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உப்பே தனி நஞ்சாகிவிடும். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அந்த நேரமே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். முறிமருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். அதன் பெயரிலும் காடி இருக்கிறது. சிஸ்டீனின் வேர், சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சிறுநீர்ப்பைக் கல் ஒன்றில் வில்லியம் ஹைட் வோலஸ்டன் 1810-இல் கண்ட பொருளிலிருந்து அந்தப் பெயர் வந்தது. முறிமருந்திலுள்ள கந்தகம், நச்சைப் பிணைக்கும் குளூட்டாதயோனை உடம்பு மறுபடி உண்டாக்க உதவுகிறது. அதோடு உயிர்வளி, தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுதல். சீக்கிரம் போனால் பிழைக்க வழி உண்டு.

இத்தனை சொன்ன பிறகு, அப்படியானால் பூனைக்கு வலித்தால் பார்த்துக்கொண்டே இருப்பதா என்ற கேள்வி நியாயமானது. அப்படி விடவே கூடாது. வலியைப் பூனை மறைக்கும். அதனால் கவனித்துப் பார்க்க வேண்டும். 2019-இல் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். காதுகள் விலகித் தட்டையாவது, கண் இடுங்குவது, வாயும் மூக்கும் இறுகுவது, மீசை விறைத்து முன்னே நீள்வது, தலை தோளுக்குக் கீழே தாழ்வது என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை மதிப்பெண். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலிமருந்து தேவை என்று கொள்ளலாம்.

அந்த மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். பூனைக்கென்று அளந்து செய்த மெலாக்ஸிகாம் நீர்மம் இருக்கிறது. கழுகுகளைக் காக்க, மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக்குக்கு மாற்றாகப் பரிந்துரைத்ததும் இதே மெலாக்ஸிகாம்தான். ஐரோப்பாவில் நாட்பட்ட மூட்டுவலிக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று அனுமதித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலோ, திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்ற எச்சரிக்கையை 2010-இல் அதன் உறையிலேயே அச்சிட வைத்தார்கள். நான்கு கிலோப் பூனைக்கு அந்த ஐரோப்பிய அளவு 0.2 மில்லிகிராம், மனிதருக்கான மாத்திரையில் இருப்பது 7.5 அல்லது 15. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அறுவைக்குப் பின் வரும் கடும் வலிக்குப் பியூப்ரினார்ஃபின் கொடுப்பதுண்டு. பூனையின் கன்னத்து உட்புறம் விட்டாலே அது உடம்பில் சேரும். அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'ஆர்ஃபின்' மார்ஃபினிலிருந்து வந்தது, கனவுத் தெய்வம் மார்ஃபியஸின் மிச்சம்.

கடைசியாக ஒரு புதுப் பெயர்: ஃப்ருனெவெட்மாப். மூட்டுத் தேய்மானத்தால் வலிக்கும் பூனைக்கு மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. ஐரோப்பாவில் 2021-இலும் அமெரிக்காவில் 2022 ஜனவரியிலும் அனுமதி பெற்றது. வலியைத் தூண்டும் நரம்பு வளர்ச்சிக் காரணியை இது பிடித்துக் கட்டிவிடும். அந்தக் காரணி உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டதற்காகத்தான் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பெயரின் இறுதியிலுள்ள 'மாப்' எதிர்ப்புரதத்தைக் குறிக்கும் அசை. அதற்கு முன்னுள்ள 'வெட்', விலங்கு மருத்துவத்துக்கென்று விதிப்படி ஒதுக்கியது. இந்தப் பெயரில் காடியும் ஃபீனாலும் அனிலும் இல்லை. மருந்திலும் இல்லை, அது ஒரு புரதம். தன் சொந்தப் புரதங்களைப் போலவே உடம்பு அதைச் சிதைத்துக்கொள்ளும், குளூக்குரோனிக் அமிலத்தை ஒட்டும் வேலைக்கே அங்கு இடமில்லை.